எவன்ஸ்டன் படகுக்காரர்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் கப்பல் விபத்தில் சிக்கியவர்களை மீட்ட உயிர்காப்பு நிலையங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் சிகாகோவை அடுத்த எவன்ஸ்டன் நகரின் நிலையத்தை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! அங்கே துடுப்புப் போட்டவர்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்கள். 1860இல் அதே ஏரியில் 'லேடி எல்ஜின்' கப்பல் மூழ்கிச் சுமார் 300 பேர் இறந்தபோது, எட்வர்ட் ஸ்பென்சர் என்ற மாணவர் அலைக்குள் மீண்டும் மீண்டும் பாய்ந்து 17 பேரை மீட்டார். நிலையம் பிறந்ததற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம்.

1889 நவம்பர் 28, நன்றி நவிலும் நாள். 'கேலுமெட்' என்ற நீராவிக் கப்பல் ஃபோர்ட் ஷெரிடன் அருகே தரைதட்டியது. எவன்ஸ்டன் குழுவினர் கயிறு எறியும் சிறு பீரங்கியால் கரையிலிருந்து சுட்டுப் பார்த்தார்கள். கயிறு கப்பலை எட்டவில்லை. வேறு வழியின்றிச் செங்குத்தான கரையிலிருந்து படகை இறக்கினார்கள், அதுவும் உடையெல்லாம் பனியாய் உறையும் குளிரில். மூன்று நடை, நடைக்கு ஆறு பேர். கப்பலில் இருந்த 18 பேரும் பிழைத்தார்கள். நிலையத் தலைவர் லாரன்ஸ் லாசனுக்கும் ஆறு மாணவர்களுக்கும் அரசு தங்கப் பதக்கம் வழங்கியது.

ஏரிதானே என்று இளக்காரமாகப் பேசும் கடற்கரைக்காரர்கள் (நானும் அந்த இனம்தான்) இதைப் படிக்க வேண்டும். கட்டுரையாசிரியர் இதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.