தாங்கும், ஆனால் சாயும்

கேமராவைச் சின்னத் தண்டவாளத்தின் மேல் சீராக நகர்த்திப் படமெடுக்க உதவும் கேமரா ஸ்லைடர் ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால், எல்லா விற்பனைக் குறிப்பும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறது: இத்தனை கிலோ தாங்கும். தாங்கும், யார் இல்லை என்றார்கள்? இரண்டு முனையிலும் கால் ஊன்றி வைத்தால் தாங்கும். நாம் அதை நடுவில் ஒரே ட்ரைபாடில் அல்லவா மாட்டுகிறோம்! கேமரா நடுவில் இருக்கும்வரை சமர்த்தாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக அந்தப் பக்கம் மெல்லத் தலை சாய்க்கும். ஃபிரேமில் அடிவானம் கோணிக்கொள்ளும். இதைப் பற்றி ஒரு வரி போட்டிருக்கிறார்களா? மூச்!

நீளமும் அப்படித்தான். 60 செ.மீ. என்பது பெரும்பாலும் தண்டவாளத்தின் நீளம். கேமரா உட்காரும் தட்டே 10 செ.மீ. என்றால் நகர்வதற்கு மிச்சம் 50 தான். தொடக்கத்திலும் முடிவிலும் கை தடுமாறும் துண்டை வெட்டி எறிந்தால் இன்னும் குறையும்.

சரி, மோட்டார் வைத்ததை வாங்குவோம் என்றால், அது முனகுகிற முனகல் கேமராவின் மைக்கில் விழுகிறது. பெல்ட்டும் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரமும் உள்ளவை கையால் தள்ளினாலே சீராக ஓடும், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அதைச் சுமப்பது யார்?

இதில் விளம்பர வீடியோ வேறு. எப்போது பார்த்தாலும் அகலக் கோண லென்ஸ், முன்னால் ஒரு பூந்தொட்டி. அந்த லென்ஸில் பாதி நடுக்கம் கண்ணுக்கே தெரியாது. எங்கே, காட்சியைக் கிட்டே இழுக்கும் ஒரு 85 மி.மீ. லென்ஸை மாட்டி, ஓரம் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்களேன் பார்ப்போம்!