பழைய போனை ரூட் செய்யுங்கள், பணம் இருக்கும் போனைத் தொடாதீர்கள்

அண்ணன் மகன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் போனை நீட்டி, "சித்தப்பா, இதை ரூட் பண்ணலாமா? நீங்க அந்தக் காலத்துல நிறைய பண்ணியிருக்கீங்கன்னு அப்பா சொன்னாரு" என்றான். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத போன். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். பையன் முகம் வாடிப்போனது. ஏன் என்று விளக்குவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது என்று அண்ணி கூப்பிட்டுவிட்டார். அவனுக்குச் சொல்ல நினைத்ததை முழுசாக இங்கே எழுதுகிறேன். இதே ஆசையோடு இருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

முதலில் ரூட் என்றால் என்ன? ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். நாம் போடும் ஒவ்வொரு ஆப்புக்கும் அது தனியாக ஒரு பயனர் எண் கொடுத்து, தனி இடத்தில் குடிவைக்கிறது. திருவல்லிக்கேணிப் பக்கத்து ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே கூரைதான், ஆனால் ஒரு போர்ஷன்காரர் இன்னொரு போர்ஷனுக்குள் நுழைய முடியாது. எல்லாப் பூட்டுக்கும் பொருந்தும் சாவி வீட்டுக்காரரிடம் மட்டும் இருக்கும். லினக்ஸில் அந்த வீட்டுக்காரருக்குப் பெயர் ரூட், எண் 0. போனுக்குப் பணம் கொடுத்தது நாம். ஆனாலும் நாம் குடித்தனக்காரராகத்தான் உள்ளே இருக்கிறோம். அந்தச் சாவியைக் கைக்குக் கொண்டுவருவதுதான் ரூட் செய்வது.

நான் முதன்முதலில் ரூட் செய்தது 2012-இல். ஆண்ட்ராய்டு 2.3 போட்ட சின்ன போன். ஆப் போட அதில் இருந்த இடம் 200 எம்பிக்கும் குறைவு. வாட்ஸ்ஆப், முகநூல், ஒரு மேப். அவ்வளவுதான், இடம் இல்லை என்று சொல்லிவிடும். மெமரி கார்டை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஆப்களை லிங்க்2எஸ்டி என்ற ஆப் மூலம் அங்கே நகர்த்த ரூட் தேவைப்பட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. தமிழ். இன்று கல்லூரியில் படிப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு என் போனில் தமிழ் தெரியாது, வரிசையாகக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓபரா மினியில் கான்ஃபிக் பக்கத்தைத் திறந்து, கீழே இருந்த பிட்மேப் எழுத்துரு வரியை 'யெஸ்' என்று மாற்றி வைப்போமே, நினைவிருக்கிறதா? அவர்களுடைய சர்வர் தமிழைப் படமாக்கி அனுப்பும். அந்த உலாவிக்குள் மட்டும்தான் அது. குறுஞ்செய்தியில் தமிழ் வேண்டுமென்றால் சிஸ்டம் ஃபோல்டருக்குள் புகுந்து எழுத்துருக் கோப்பையே மாற்ற வேண்டும். அதற்கும் ரூட் வேண்டும். மாற்றினேன். எழுத்து வந்தது, ஆனால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அப்படியும் அன்று அம்மாவின் பெயரைத் தமிழில் திரையில் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் மனதில் இருக்கிறது. ஒரு பொருள் என் மொழியைப் பேசாதபோது, அதைத் திறந்து பேச வைக்க வழி இருந்தது. ரூட் என்ற சொல்லுக்கு என் மனதில் மரியாதை வந்தது அங்கேதான்.

அடுத்த வருடம் வேறொரு போனுக்கு, மாடல் எண்ணில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசமான சாஃப்ட்வேர் கோப்பை ஃப்ளாஷ் செய்துவிட்டேன், அதாவது போனுக்குள் ஏற்றிவிட்டேன். திரை கறுத்தது. பட்டனுக்கும் அசையவில்லை, சார்ஜருக்கும் அசையவில்லை. ரிச்சி தெருவில் ஒரு மாடிக்கடையில் கொடுத்தேன். அந்த அண்ணன் அதை ஒரு சின்னப் பெட்டியோடு ஒயரில் இணைத்து ஒன்றரை மணி நேரம் போராடி உயிர்ப்பித்தார். 400 ரூபாய் வாங்கினார். "பெட்டியில போட்டிருக்கிற பேரைப் பார்க்காத தம்பி, பேட்டரியைக் கழட்டி அடியில இருக்கிற நம்பரைப் பாரு" என்றார். இன்றைக்குப் பெரும்பாலான போன்களில் பேட்டரியைக் கழற்றவே முடியாது, ஆனால் அந்தப் பேச்சு இன்றும் பொருந்தும். செட்டிங்ஸில் முழு மாடல் எண்ணையும் பில்ட் எண்ணையும் பார்க்காமல் எதையும் இறக்காதீர்கள்.

சரி, அன்று ரூட் செய்த காரணங்கள் இன்று எத்தனை மிச்சம்? உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 4 காலத்திலிருந்து தமிழ் மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது. கேமரா வேண்டாம், லொக்கேஷன் வேண்டாம் என்று ஆப்பை ஒவ்வொன்றாகத் தடுக்கும் வசதி 2015-இல் ஆண்ட்ராய்டு 6-லேயே வந்துவிட்டது. விளம்பரத்தை மறைக்க, ரூட் கேட்கும் ஆட்அவே என்ற ஆப்பைப் போட்டோம். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற ஒரே அமைப்பில் பெரும்பகுதி விளம்பரம் போய்விடுகிறது. திரையைப் பதிவு செய்வது ஆண்ட்ராய்டு 11-இல் உள்ளேயே வந்தது. வேண்டாத ஆப்களைத் தூக்குவதற்குக் கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி இருந்தால் போதும், ரூட் தேவையில்லை. பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் 7 வருடம் அப்டேட் தருவோம் என்று கூகுளும் சாம்சங்கும் சொல்லியிருக்கின்றன. அண்ணன் மகனிடம் எதற்காக ரூட் என்று கேட்டதற்கு அவன் சொன்ன நான்கு காரணங்களில் மூன்றுக்கு அவன் போனிலேயே வழி இருந்தது. நான்காவது, "சும்மா, உள்ள என்னதான் இருக்குன்னு பார்க்கணும்." அந்த நான்காவது காரணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் ஒரு ராத்திரி பற்றிச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், மார்கழிக் குளிரில் மகளுக்கு வீசிங். இரவு பத்தரை மணி. நெபுலைசருக்கு மருந்து தீர்ந்துவிட்டது. பெரம்பூரில் திறந்திருந்த ஒரே மருந்துக்கடைக்கு ஓடினேன். கையில் காசு இல்லை. யார் இப்போது காசு வைத்துக்கொள்கிறார்கள்? ஸ்கேன் செய்ய ஆப்பைத் திறந்தால், இந்தக் கருவி பாதுகாப்பானது இல்லை, ஆப்பைப் பயன்படுத்த முடியாது என்று ஒரு வரி வந்து மூடிக்கொண்டது. அன்று மதியம்தான் அது தானாக அப்டேட் ஆகியிருந்தது. அதுவரை இரண்டு வருடம், ரூட் செய்ய உதவும் மேஜிஸ்க் என்ற கருவியில் ரூட்டை மறைத்து வைத்து ஒரு சிக்கலும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு வங்கியின் ஆப்பைத் திறந்தேன், அதுவும் அதையே சொன்னது. கையில் கார்டும் இல்லை. கடைக்காரர் முகம் பார்த்துத் தெரிந்தவர். "எடுத்துட்டுப் போங்க சார், காலைல குடுங்க, முதல்ல குழந்தையைப் பாருங்க" என்று மருந்தைக் கையில் திணித்தார். வீட்டுக்கு நடந்த அந்த ஐந்து நிமிடமும் ஒரே நினைப்புதான்: அவர் முகம் தெரியாதவராக இருந்திருந்தால்? மறுநாள் காலை பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து ரூட்டை எடுத்தேன். என் முதன்மைப் போனில் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் பணப் பரிவர்த்தனைப் பாதுகாப்புக்காக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ரூட் செய்த போனா என்று சோதித்து, அப்படியானால் ஆப் இயங்காமல் தடுக்கும் சாத்தியத்தை வங்கிகள் ஆராயலாம் என்று அதில் இருக்கிறது. ஆராயலாம் என்றுதான் இருக்கிறது. பல வங்கிகள் அதைக் கட்டாயம் போலவே எடுத்துக்கொண்டுவிட்டன. சோதிப்பதற்குக் கூகுளே கருவி தருகிறது. முன்பு சேஃப்டிநெட், இப்போது பிளே இன்டெக்ரிட்டி. முன்பெல்லாம் சாஃப்ட்வேரை ஏமாற்றினால் போதும். போனை எழுப்பும் முதல் நிரல்தான் பூட்லோடர், ரூட் செய்ய பொதுவாக அதன் பூட்டைத் திறக்க வேண்டும். இப்போது போனின் சிப்புக்குள் இருக்கும் சாவியே, பூட்லோடர் திறந்திருக்கிறது என்று கையொப்பமிட்டுச் சொல்லிவிடும். மறைக்க ஒரு வழி கண்டுபிடித்தால் சில வாரங்களில் அது அடைபடும். மேஜிஸ்க்கை எழுதிய ஜான் வு 2021-இல் கூகுளிலேயே வேலைக்குச் சேர்ந்தார், ரூட்டை மறைக்கும் மேஜிஸ்க்ஹைட் வசதியையும் நீக்கினார். அதன் பிறகு மற்றவர்கள் எழுதிய மாட்யூல் என்னும் துணை நிரல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது இந்த ஆட்டம். அது எந்த ராத்திரி தோற்கும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது.

பணம் தவிர வேறு இழப்பும் உண்டு. பூட்லோடரைத் திறந்த கணமே போனில் இருப்பதெல்லாம் அழியும். பல போன்களில் வைட்வைன் என்ற வீடியோப் பாதுகாப்பு, கீழ்மட்டமான எல்3-க்கு இறங்கி, ஓடிடி படங்கள் மங்கலாகத்தான் ஓடும். சாம்சங்கில் நாக்ஸ் என்று ஒன்று, சிப்புக்குள் இருக்கும் உருகி மாதிரி. ஒருமுறை போனால் போனதுதான், பழைய சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றினாலும் சாம்சங் பே திரும்பாது.

பாதுகாப்பைப் பற்றி வங்கிகள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பூட்டிய பூட்லோடர், கையொப்பம் சரியாக இருந்தால்தான் போனை எழவிடும். திறந்த பூட்லோடர் யார் கொடுத்ததையும் ஏற்றும். பீச் ரயில் நெரிசலில் போன் தொலைந்தால் இந்த வித்தியாசம் பெரியது. வாட்ஸ்ஆப்பில் டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்புகள், அதாவது ஆப்பை நிறுவும் கோப்புகள், வருகின்றனவே, அவை ரூட் இல்லாத போனிலேயே ஓடிபியைத் திருடுகின்றன. ரூட் உள்ள போனில் அப்படி ஒன்றுக்கு அவசரத்தில் 'அனுமதி' என்று அழுத்திவிட்டால் எல்லாப் போர்ஷனின் கதவும் ஒன்றாகத் திறக்கும். வீட்டில் ஒரே போனைக் குழந்தைகளும் பெரியவர்களும் மாற்றி மாற்றி எடுப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ஆனாலும் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. என் கணினியில் நான்தான் நிர்வாகி. அதில் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், மாற்றலாம். அதே வங்கியின் இணையதளம் அங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் திறக்கிறது. அப்பாவின் போனுக்குப் பாதுகாப்பு பேட்ச் வந்து நான்கு வருடம் ஆகிறது. அதில் அதே ஆப் ஜம்மென்று ஓடுகிறது. ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஆண்ட்ராய்டான லினேஜ்ஓஎஸ் ஏற்றி, போன மாத பேட்ச் வரைக்கும் போட்ட போன், பூட்லோடர் திறந்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வெளியே நிற்கிறது. இது எந்தக் கணக்கில் பாதுகாப்பு? உரிமையாளரையே திருடனாகப் பார்க்கும் பார்வை இது. பூட்லோடரைத் திறக்கும் வழியையும் ஒவ்வொரு நிறுவனமாக அடைத்துக்கொண்டு வருகிறது. ஹுவாவே 2018-இல் அன்லாக் கோடு தருவதை நிறுத்தியது. ஷாவ்மியில் விண்ணப்பித்துவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். சாம்சங் 2025-இல் கொண்டுவந்த ஒன் யூஐ 8 என்ற சாஃப்ட்வேரில், பூட்லோடரைத் திறக்கும் அமைப்பையே காணவில்லை. நான் ரூட் செய்யப் போவதில்லை என்பதற்காக, செய்யும் உரிமை போனால் போகட்டும் என்று என்னால் இருக்க முடியாது. நாளைக்கு நிறுவனம் கைவிட்ட போனை நாமே பிழைக்க வைக்க வேண்டுமென்றால் அந்தக் கதவு வேண்டும்.

அந்தக் கதவால் என்ன பயன் என்பதற்கு அம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. அம்மாவுக்குப் போனை எடுத்து சார்ஜ் போட்டு அழைப்பது சிரமம். அதனால் ஒரு பழைய போனை ஸ்டாண்டில் வைத்து, எப்போதும் சார்ஜரிலேயே விட்டு, வீடியோ காலுக்கு மட்டும் வைத்தேன். நம் ஊர் சித்திரை வெயிலில், நாள் முழுக்க 100 சதவீதத்தில் நின்ற பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தள்ளிவிட்டது. பயந்துபோனேன். அடுத்து வைத்த போனில் லினேஜ்ஓஎஸ் ஏற்றினேன். (லினேஜ் வேறு, ரூட் வேறு. லினேஜில் ரூட் தானாக வராது, தனியாகத்தான் போட வேண்டும்.) மேஜிஸ்க் போட்டு, ஏசிசி என்ற கருவியால் சார்ஜ் 60 சதவீதத்தைத் தாண்டாமல் நிறுத்தினேன். புதிய போன்கள் சிலவற்றில் 80 சதவீத வரம்பு உண்டு, அந்தப் பழைய போனில் ரூட் இல்லாமல் அது முடியாது. இரண்டு கோடை தாண்டிவிட்டது, பேட்டரி தட்டையாக இருக்கிறது. அதில் சிம் இல்லை, வங்கி ஆப் இல்லை. திருடுவதற்கு எதுவும் இல்லை. குப்பைக்குப் போக வேண்டிய போன், தினம் சாயங்காலம் அம்மாவுக்குப் பேத்தியின் முகத்தைக் காட்டுகிறது.

ஆகவே தம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாயே, அதை விட்டுவிடாதே. உன் புதுப் போனைப் பையிலேயே வைத்துக்கொள். பத்தாம் வகுப்பில் நீ வைத்திருந்த, திரையில் ஓரம் விரிசல் விட்ட அந்தப் போன் அலமாரியில்தானே கிடக்கிறது? ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வா. வருவதற்கு முன் அதிலிருக்கும் படங்களையெல்லாம் வேறு இடத்தில் பிரதி எடுத்துவிடு, அன்லாக் செய்ததும் எல்லாம் அழிந்துவிடும். முழு மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதி வை. நல்ல யூஎஸ்பி கேபிளாக ஒன்று கொண்டு வா, என்னிடம் இருப்பது தளர்ந்துவிட்டது. பூட்லோடரை நீயே திற, கமாண்டை நீயே அடி, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மதியம் சித்தி மீன் குழம்பு வைக்கிறாள்.