கட்டைவிரலில் ஒரு பிறை

போன மாதம் அம்மாவுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. விரல் நகத்தின் அடியில் வெள்ளையாக அரைவட்டம் இருந்தால்தான் ஆரோக்கியமாம். எட்டு விரலிலாவது இருக்க வேண்டுமாம், இல்லையென்றால் ரத்தம் குறைவாம். அம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். இரண்டு கட்டைவிரலில் மட்டும்தான் இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, மூன்றாம் நாள் ராத்திரி போனில், "எனக்கு ரத்தமே இல்லபோல இருக்கும்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

பரிசோதனை எடுத்தோம். ஹீமோகுளோபின் 12.6. ஒரு குறையும் இல்லை.

அதற்கப்புறம்தான் அந்த வெள்ளைக்கு என்ன பெயர் என்று தேடினேன். ஆங்கிலத்தில் லூனுலா. ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாத சொல். லத்தீனில் லூனா என்றால் நிலா, லூனுலா என்றால் குட்டி நிலா. பண்டைய ரோமில் சிறுமிகளுக்குக் காப்பாகக் கழுத்தில் கட்டிய பிறை வடிவத் தாயத்துக்கும் இதே பெயர். அயர்லாந்தில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டிச் செய்த பிறை வடிவக் கழுத்தணிகளையும் லூனுலா என்றே சொல்கிறார்கள். அங்கே மட்டும் 80-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

நகம் பிறக்கும் இடம் தோலுக்கு அடியில் இருக்கிறது. அதன் முன் விளிம்பு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிறது. அதுதான் இந்தப் பிறை. அந்த இடத்தில் நகத்துக்கு அடியில் உள்ள செல் அடுக்கு தடிப்பாக இருப்பதால், கீழே ஓடும் ரத்தத்தின் சிவப்பு மேலே தெரிவதில்லை, வெளுப்பாகத் தெரிகிறது. கட்டைவிரலில் பெரிதாக இருக்கும். சுண்டுவிரலில் பெரும்பாலும் தோலுக்குள்ளேயே மறைந்திருக்கும். அம்மாவுக்கும் எல்லா விரலிலும் இருக்கிறது. வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். சில நோய்களில் இந்தப் பிறையின் நிறம் மாறும் என்பது உண்மை. மருத்துவர்கள் அதையும் கவனிப்பார்கள், மற்ற அறிகுறிகளோடு சேர்த்து. பிறையை எண்ணி யாரும் ரத்தத்தை அளப்பதில்லை.

தை மாதம் கதவிடுக்கில் சிக்கி என் கட்டைவிரல் நகத்தில் ரத்தம் கட்டியது. பிறையை ஒட்டிக் கருநீலமாக ஒரு புள்ளி. மாதம் 3 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அது மெல்ல மேலே ஏறியது. பின்னாலேயே பிறையிலிருந்து புது நகம் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. ஆடி பிறப்பதற்குள் அந்தக் கறையை நகவெட்டியால் வெட்டி எறிந்துவிட்டேன்.

என் ஆதங்கம் இதுதான். உடம்பில் இவ்வளவு வேலை செய்கிற ஓர் இடத்துக்கு நம் வீடுகளில் புழங்கும் பெயர் இல்லை. அம்மாவுக்கு அது 'வெள்ளை'. எனக்கு நேற்றுவரை அதுவும் இல்லை. பெயரும் விவரமும் தெரியாத இடத்தில் எந்த வதந்தியும் சுலபமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. பெயர் வைக்கச் சொல்லுக்கா பஞ்சம்? பெண்ணின் நெற்றியைப் பிறைநுதல் என்றார்கள் சங்கப் புலவர்கள். சிவன் பிறைசூடி. கல்யாணப் பெண்ணின் தலையில் வைக்கும் நகையில் சூரியனும் பிறையும் உண்டு. சுவரில் அகல் வைக்கும் குழிகூட மாடப்பிறைதான். லூனுலாவை அப்படியே தமிழில் எழுதிவைப்பதைவிட 'நகப்பிறை' என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் சொன்னவுடன் புரியும். பாடம் எழுதுகிறவர்களும் மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர்களும் இதைத் தாராளமாகப் புழக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

அம்மாவிடம் நகப்பிறை என்று சொன்னேன். ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தச் செய்தியை அனுப்பிய சித்திக்கு உடனே போன் போட்டார். உங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு வேறு பெயர் புழங்கினால் கட்டாயம் எழுதுங்கள்.