மாதம் ஒரு நாள் போதாது
மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லோரும் சேர்ந்து இறங்கினால் பொதுத் தோட்டத்துக்கு அதுவே போதும் என்று கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, பல வீடுகள் சேர்ந்து தோட்டத்தைப் பொதுவில் வைத்துக்கொள்ளும் கூட்டுக் குடியிருப்பில் ஆறு வருடம் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அன்றைக்குக் களை பிடுங்குவது, வேலி கட்டுவது எல்லாம் ஜோராக நடக்கும், போட்டோ கூட எடுப்போம், ஆனால் மறுநாள் தண்ணீர் விடுவது யார்? எங்கள் உரக்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு வீட்டிலிருந்தும் சமையலறைக் கழிவு வந்து விழுந்தது, மேலே காய்ந்த இலை போடவோ கிளறிவிடவோ ஆளில்லை, இரண்டே வாரத்தில் சொதசொதவென்று ஆகி, நாற்றம் தாங்காமல் குழியை ஒட்டியிருந்த வீட்டில் ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள். அப்புறம் அதை ஒரே ஒரு வீட்டின் பொறுப்பில் விட்டோம். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு, வாரம் ஒரு கிளறல், அவ்வளவுதான், நாற்றம் போயே போய்விட்டது. மரம் வெட்டுவது, ஷெட் போடுவது மாதிரி பெரிய விஷயத்துக்கு மட்டும் கூட்டம் போட்டால் போதும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வேலைக்கு வராதவர்களுக்கு அபராதம் போடச் சொல்கிறார். மேய்ச்சல் நிலம், பாசன நீர் மாதிரி பலர் சேர்ந்து பயன்படுத்தும் பொது வளங்களைப் பற்றிய ஆய்வுக்காக 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், இப்படிப்பட்ட பொது ஏற்பாடு நீண்டகாலம் தாக்குப்பிடித்த இடங்களில் கண்டதே வேறு: தண்டனை சின்னதாகத் தொடங்கும், திரும்பத் திரும்ப மீறினால்தான் ஏறும். நாங்கள் எடுத்த எடுப்பிலேயே அபராதம் போட்டோம், பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக வீட்டிலேயே இருந்துகொண்டார்கள்.