பாட்டுக்கு அசைவைக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்

சின்னக் குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் பாட்டு ஒப்பிக்கச் சொல்வதை நாம் விட்டுவிட வேண்டும். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரைக்குமாவது. கையைக் கட்டு, நேராக நில், சத்தமாகச் சொல் என்கிறோம். ஒரு சொல் மறந்தால் பரிசு போச்சு. அந்தப் பாட்டில் என்ன வந்தது என்று அப்புறம் கேட்டால், குழந்தை நம் முகத்தையே பார்க்கும்.

நம் மரபில் குழந்தைப் பாட்டு உடம்போடுதான் இருந்தது. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடுகிற பிள்ளைத்தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பருவங்களில் பலவும் குழந்தை செய்கிற அசைவுகள். கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி, தலையை நிமிர்த்தி ஆடினால் செங்கீரை. கைகொட்டினால் சப்பாணி. பெண்பிள்ளைக்கு ஊசல், ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிறுதேர். நம் பாட்டிமார் குழந்தையை மடியில் வைத்துச் சாய்ந்தாடச் சொன்னதும், கைவீசச் சொன்னதும் இதே வழிதான். தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்குப் பெயரே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. பெயர் சரியாகத்தான் இருக்கிறது. ஆடுவதற்கு இடம் உள்ள அறையும் வேண்டும்.

ஆனால் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. ‘ஆக்‌ஷன் சாங்’ என்று நடப்பதும் பல இடங்களில் கையால் ஒப்பிப்பதுதான். மழை என்றால் எல்லோரும் விரலை ஆட்ட வேண்டும், மரம் என்றால் கையைத் தூக்க வேண்டும். டீச்சரைப் பார்த்துச் செய்வதில் குழந்தைக்கு யோசிக்க எதுவும் இல்லை.

ஏற்காட்டில், காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளோடு ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். நானே கட்டிய நாலு வரி:

மூட்டம் வருது மூட்டம் வருது
மூடுது காப்பித் தோட்டம்!
காத்து வருது காத்து வருது
ஓடுது பாரு மூட்டம்!

எப்படி ஆடுவது என்று நான் சொல்லவில்லை. பாதிப் பேர் கையை உயர்த்தி மேலிருந்து கீழே இறக்கினார்கள். ஒரு பையன் மட்டும் தரையோடு தரையாகக் குந்தி, கையை விரித்துக்கொண்டு மெதுவாக எழுந்தான். “மூட்டம் பள்ளத்துல இருந்துதான் ஏறும்” என்றான். இன்னொரு பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது சவுக்கு மரத்துக்கு நடுவே நுழைந்து வருவது, அதனால் உடம்பை ஒருக்களித்து நடந்து காட்டினாள். சரி, மூன்று விதமாகவும் ஆடினோம். மலையை நன்றாகப் பார்த்த கண்கள் அவை. பாட்டைத் தங்கள் கண்ணால் சரிபார்த்தார்கள். கவிதையை ரசிப்பது என்றால் இதைவிட வேறு என்ன?

தாளமும் இப்படித்தான் ஏறும். தேமா, புளிமா என்று செய்யுளின் சீர்களுக்கு வாய்பாடு சொல்லித்தரும்போது ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து முழிக்கிற பிள்ளைக்கு, அஞ்சு வயதிலேயே அது காலில் இருந்திருக்கலாம். ‘தேமா’வுக்கு நிதானமாக இரண்டு எட்டு. ‘புளிமா’வுக்குக் குடுகுடுவென இரண்டு, அப்புறம் நிதானமாக ஒன்று. இலக்கணப் பெயர் எதுவும் சொல்ல வேண்டாம். நடக்க விட்டால் போதும்.

இசைக்கு ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பதிவு செய்த பாட்டு எந்தக் குழந்தைக்காகவும் நிற்காது. கைத்தட்டு நிற்கும், தடுமாறுகிற பிள்ளைக்காக வேகத்தைக் குறைக்கும். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் நம் சேலம். முத்து வைத்த கொலுசைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை நாலு எட்டு வைக்கட்டும், தன் தாளம் தன் காதிலேயே விழும். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கும்மியடிக்கும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்காமல், வட்டத்துக்குள் இறக்கி விடுங்கள். தாளம் தப்பினால் தப்பட்டும்.

ஓமலூர், ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த விளையாட்டுப் பாட்டு இருந்தால் அனுப்புங்கள். வரிகளை மட்டும் எழுதினால் பாதிதான் வரும். எந்த இடத்தில் கை தட்டுவார்கள், எங்கே குனிவார்கள், எங்கே திரும்புவார்கள் என்று தெரிகிற மாதிரி, அவர்களை ஆடிக் காட்டச் சொல்லி வீடியோவாகவே எடுத்து அனுப்புங்கள்.