ஆடிக்காற்றுக்கு நேரச்சலுகை எதற்கு?

எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஆடி மாதம் நடக்கும் பிஆர்எம் என்னும் நீண்டதூரச் சைக்கிள் ஓட்டங்களில் காற்று மனிதனை நிறுத்தி வைக்கிறது, அதனால் முடிக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. அடுத்த கட்சி இன்னும் மேலே போய், ஆடியில் ஓட்டமே வேண்டாம், எல்லாவற்றையும் கார்த்திகை, மார்கழிக்குத் தள்ளிவிடலாம் என்கிறது. குழுவில் எழுதினால் நாலு வரிக்குமேல் யாரும் படிப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே காற்றில் 18 நிமிடம் பிந்தித் தோற்றவன் நான். எனக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் ஒரு மெடல் கூடியிருக்கும். இருந்தும் வேண்டாம் என்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பிஆர்எம் என்பது பந்தயம் இல்லை. முதலாவது, இரண்டாவது என்று யாருக்கும் இடம் கிடையாது. பாரிஸில் உள்ள ஆடக்ஸ் கிளப் வகுத்த விதி உலகம் முழுக்க ஒன்றுதான். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 300 என்றால் 20 மணி, 400 என்றால் 27, 600 என்றால் 40. வழியில் கன்ட்ரோல் என்று சில இடங்கள் இருக்கும். அங்கே உரிய நேரத்துக்குள் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். பஞ்சர் ஆனால் நாமே ஒட்ட வேண்டும், பசித்தால் நாமே கடை தேட வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 200க்கு 13 மணி 20 நிமிடம்தான் வரும். மீதி பத்து நிமிடம் ஏற்கெனவே கொசுறு. சலுகை கேட்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இப்போது எங்கள் ஊர். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கரை. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று வரிசையாகத் தமிழ் பேசும் ஊர்கள். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுச் சண்டை தமிழில். கேரளா என்றதும் வெளியூர்க்காரர்கள் மழையும் காயலும் நினைத்துக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு அந்தக் கேரளா பாலக்காட்டோடு முடிந்துவிடும். மழை அங்கேயே இறங்கிவிடுகிறது. எங்கள் பக்கம் வருவது கொஞ்சம் சாரலும் நிறையக் காற்றும்தான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கக் கதவடைத்துக்கொண்டு நிற்க, தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சந்தில் நெருக்கியடித்து நுழைந்து கிழக்கே பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. கஞ்சிக்கோட்டில் கேரளக்காரர்களும் நட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. சீட்டின் மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டு டீ வாங்கப் போய், திரும்பி வந்து அதைச் சோளக்காட்டில் தேடியிருக்கிறேன்.

அன்றைய பாதை இதுதான். சித்தூரில் காலை 6 மணிக்குக் கிளம்பி கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தாராபுரம் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். பாதையைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, உள்ளூர் ரோடு, வழியெல்லாம் தெரிந்த கடை. சோதனைச்சாவடி தாண்டும்வரை சாயா, தாண்டினால் டீ. வித்தியாசம் அவ்வளவுதான் என்று பக்கத்தில் வந்த கொச்சிக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

போனேன் என்பதுகூடத் தப்பு. முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனது காற்று. அந்த நிலையில் யாரும் காற்று தள்ளுகிறது என்று நினைப்பதில்லை, பயிற்சி வேலை செய்கிறது என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். காது ஓரத்தில் சத்தமே இல்லை. காற்றின் வேகமும் நம் வேகமும் ஒன்றாகும்போது அப்படி ஒரு அமைதி வரும். அந்த அமைதி வந்தால் சந்தோஷப்படக் கூடாது, பயப்பட வேண்டும். அது அப்புறம்தான் புரிந்தது. 9.50க்குத் தாராபுரம். 100 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குள். வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை. ரோஸ்ட் சொன்னேன், இன்னொரு ரோஸ்ட் சொன்னேன், போட்டோ எடுத்தேன், வீட்டுக்குப் போன் போட்டேன், வந்தவர் போனவருக்கெல்லாம் அறிவுரை சொன்னேன். கிளம்பும்போது மணி 11.15.

திரும்பின முதல் நிமிடத்திலேயே காதில் ஹோ என்று இரைச்சல். காலையில் மணிக்கு 28 கிலோமீட்டரில் போன அதே ரோட்டில், அதே காலுக்கு, மீட்டர் 11 காட்டியது. தாராபுரம் தாண்டி உடுமலை வரும் அந்த வெட்டவெளியில் ஒதுங்க ஒரு சுவர் கிடையாது. இருபுறமும் காற்றாலைகள். போகும்போது அவை எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. வரும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் பார்க்கும் மேற்குத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு அது சம்பாத்தியம். ஒரு வைக்கோல் லாரி மெதுவாகத் தாண்டிப் போனது. அதன் பின்னால் ஒட்டிக்கொள்ள ஆசை வந்தது. ஒட்டவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, அதை எட்டிப் பிடிக்கக் காலில் ஒன்றும் மிச்சமில்லை.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும், ஏனென்றால் குழுவில் பாதிப்பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். "போகும்போது காற்று கொடுக்கிறது, வரும்போது எடுக்கிறது, மொத்தத்தில் சரியாகிவிடும்" என்கிறார்கள். ஆகாது. காற்றே இல்லாமல் 22இல் ஓட்டுகிற ஒருவருக்கு 200 கிலோமீட்டர் 9 மணி 5 நிமிடம். அவரே காற்றோடு 30இல் 100 போய், எதிர்த்து 14இல் 100 வந்தால்? போக 3 மணி 20 நிமிடம், வர 7 மணி 8 நிமிடம். மொத்தம் 10 மணி 28 நிமிடம். காற்று உதவும் நேரம் கொஞ்சம், உபத்திரவம் செய்யும் நேரம் அதிகம். இன்னொன்று, உடம்பின் மேல் காற்றின் தடை அதன் வேகத்தின் இருமடியில் ஏறும். அசையாத காற்றில் 15இல் போனால் உடம்பு சந்திப்பது 15. எதிரே 25இல் அடித்தால் சந்திப்பது 40. தடை ஏழு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சைக் காட்டினால் இன்னும் கூடும். நான் அன்றைக்கு முக்கால் வழி நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன், முதுகு வலி.

உடுமலையில் 40 நிமிடம் ஒரு பேக்கரி பெஞ்சில் படுத்துக்கிடந்தேன். கடைக்கார அக்கா, "ஏனுங்க தம்பி, இத்தன காசு போட்டு வாங்கின வண்டிக்கு ஒரு மோட்டார் வெக்கக் கூடாதுங்களா?" என்றார். பொள்ளாச்சி தாண்டும்போது ஆறு மணி ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் வேடிக்கை. சூரியன் சாயச் சாயக் காற்றும் சாய்ந்தது. கோபாலபுரம் தாண்டியதும் 18, 20 என்று வண்டி ஓடியது. கால் இருந்தது, காற்று இல்லை, நேரமும் இல்லை. சித்தூர் சேரும்போது 7.48. முடிவு இடத்தில் இருந்த பையன் கார்டை வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டன் சாயா நீட்டினான்.

இதில் காற்று எடுத்தது எவ்வளவு, நான் கொடுத்தது எவ்வளவு? தாராபுரத்தில் 85 நிமிடம், உடுமலையில் 40. யார்மேல் புகார் எழுதுவது?

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை ஏறும் ஓட்டம் என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. 40 கொண்டை ஊசி வளைவு. அதற்குக் கூடுதல் நேரம் கேட்டு ஒரு குரலாவது வந்திருக்கிறதா? வராது. மலை படத்தில் விழும். ஒன்பதாவது வளைவில் நின்று அணையைப் பின்னால் வைத்து எடுத்துக்கொண்டால் பட்ட பாட்டுக்குச் சாட்சி கிடைத்துவிடும். எதிர்காற்றில் தட்டையான ரோட்டில் 11இல் போனதை எப்படிப் படம் எடுப்பது? பார்ப்பவனுக்கு ஒரு ஆள் மெதுவாகச் சைக்கிள் மிதிப்பது போலத்தான் இருக்கும். சலுகை கேட்கும் கோபத்தின் அடியில் இந்த மனக்குறைதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் மலை கிடையாது சாமி. இந்தக் காற்றுதான் எங்கள் மலை.

மலை என்று ஒப்புக்கொண்டால் அதற்குரிய மரியாதையையும் செய்ய வேண்டும். பாதைக் குறிப்பில் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று போடுகிறார்கள் இல்லையா, அதேபோல ஆடியில் எந்தப் பக்கமிருந்து, எத்தனை மணியிலிருந்து காற்று அடிக்கும் என்று போடட்டும். ஆரம்பத்தைத் தாராபுரத்தில் வைத்து, விடியற்காலை 4 மணிக்குக் காற்று எழும்புவதற்கு முன் மேற்கே பார்த்து விடட்டும். திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். இதற்கு எந்த விதியையும் மாற்ற வேண்டியதில்லை.

கார்த்திகைக்குத் தள்ளச் சொல்பவர்களுக்கு ஒரே பதில்தான்: விருச்சிகக் காற்று. மலையாள விருச்சிக மாதம் நம் கார்த்திகை. அப்போது இதே சந்தில் காற்று திசைமாறி, கிழக்கிலிருந்து பாலக்காட்டைப் பார்த்து அடிக்கும். மார்கழி, தை வரைக்கும் விடாது. ஆடிக்குப் பயந்து போன ஒரு நண்பர், போன கார்த்திகையில் திருச்சூர் போய்விட்டு வாளையார் வரும் வழியில் எனக்குப் போன் செய்து திட்டினார். நான் என்ன செய்ய?

ஒரு வாதத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நேரம் நெருக்க நெருக்க, களைத்த ஆள் அவசரப்படுவான். பக்கக்காற்று ஒரு தட்டுத் தட்டினால் லாரிக்கு முன்னால் போய் விழுவான். நிஜம். ஆனால் அப்படிப்பட்ட காற்று அடிக்கிற நாளில் ஓட்டத்தையே நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு மணி நேரம் அதே ரோட்டில் இரு என்பது என்ன பாதுகாப்பு?

இந்த விளையாட்டின் தாய்வீடான பிரான்சில் நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்தின் கதையும் இதேதான். 1891இல் பந்தயமாகத் தொடங்கியது. அந்த வருடம் ஜெயித்த சார்ல் தெரோன், 1200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். இப்போது அது நாலு வருடத்துக்கு ஒருமுறை, 90 மணி நேரக் கெடுவோடு, பந்தயமாக இல்லாமல் நடக்கிறது. பாதி வழி மேற்கே கடலைப் பார்த்து ஓட வேண்டும். 2019இல் பிரெஸ்ட் வரைக்கும் முகத்தில் காற்று என்று போய்வந்தவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் அதைவிட அதிகநேரம் பேசியது வேறொன்றை. ராத்திரி இரண்டு மணிக்குக் குளிரில் வீட்டு வாசலில் மேஜை போட்டு, போகிறவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்த கிராமத்துப் பாட்டிகளைப் பற்றி. எங்கள் நல்லேப்பிள்ளி ரோட்டில் அந்த மேஜை வருடம் முழுக்கப் போட்டுத்தான் இருக்கிறது. என்ன, பழம்பொரிக்குக் காசு கொடுக்க வேண்டும். அதைத் தாண்டி, பின்னால் வரும் காரிலிருந்து எனர்ஜி ஜெல் வாங்கிக்கொள்பவர்களைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்; இப்போது எழுதினால் கெட்ட வார்த்தை வரும்.

தோற்ற அன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் இருபது வருடம் பொள்ளாச்சிச் சந்தைக்கு இதே ரோட்டில் சைக்கிள் மிதித்தவர். கேரியரில் மூட்டை, ஹேண்டில்பாரில் இரண்டு பை, கியர் கிடையாது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தன மணிக்குக் கண்ணு தாராவரத்துல திரும்புன?" என்றார்.

"பதினொண்ணே காலுங்க."

"ஆடில உச்சிவெயில்ல மேக்கால திரும்புவாங்களா யாராச்சும்? நாங்கெல்லாம் சந்த முடிஞ்சாலும் பொழுதெறங்குற வரைக்கும் சாக்க விரிச்சுப் படுத்துக்குவோம். காத்து படுத்தாத்தான் வண்டியெடுக்கறது."

சின்ன வயதில் சந்தை நாட்களில் அப்பா ஏன் இவ்வளவு நேரம் கழித்து வருகிறார் என்று அம்மாவிடம் கேட்பேன். "காத்து படுக்கட்டும், வருவாரு" என்பாள். அது ஏதோ சமாதானம் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இந்த ஆடிக்கும் பேர் கொடுத்திருக்கிறேன். அதே பாதை, அதே 6 மணி. தாராபுரத்தில் ஒரே ஒரு ரோஸ்ட்தான்.