ஸ்டாண்ட்பை கார்டு இருக்கிறது, சரி. மாறுமா?

"ரெண்டு கார்டு போட்டிருக்கோம், கவலையே இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது. நெட்வொர்க் போக்குவரத்தை வழிகாட்டி அனுப்பும் பெரிய ரூட்டர்களுக்கு, அவற்றின் மூளையான பிராசசர் கார்டை இரண்டாக வாங்குவது வழக்கம். ஒன்று ஆக்டிவ், வேலை பார்ப்பது. மற்றது ஸ்டாண்ட்பை, முதலாவது விழுந்தால் பொறுப்பேற்கக் காத்திருப்பது. விலையும் கொஞ்சநஞ்சமில்லை. வாங்கி மாட்டியபின் அந்த இரண்டாவது கார்டை யாரும் சீண்டுவதில்லை. பச்சை விளக்கு எரிகிறதா, போதும்.

சிஸ்கோ பெட்டியில் ‘ஷோ ரிடண்டன்சி ஸ்டேட்ஸ்’ அடித்துப் பாருங்கள். ‘ஸ்டாண்ட்பை ஹாட்’ என்று வந்தால் நிம்மதி, எஸ்.எஸ்.ஓ. (ஸ்டேட்ஃபுல் ஸ்விட்ச்ஓவர்) முறையில் ஸ்டாண்ட்பையும் ஆக்டிவின் நிலையை வாங்கிக்கொண்டே தயாராக ஓடுகிறது. ‘ஸ்டாண்ட்பை கோல்ட்’ என்றால் ஆர்.பி.ஆர். முறைக்கு இறங்கிவிட்டது, ஸ்டாண்ட்பை அரைகுறையாகத்தான் எழுந்திருக்கிறது. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 6500 பெட்டியில் எஸ்.எஸ்.ஓ. மாற்றம் 3 நொடிக்குள் முடியும். ஆர்.பி.ஆரில் லைன் கார்டுகள் (நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் கார்டுகள்) அணைந்து மறுபடி எழுந்துவர 2 நிமிடத்துக்கு மேல். 99.999% நேரம் ஓடும் என்று எழுதிக்கொடுத்தவருக்கு வருஷத்துக்கே 5 நிமிடச் சொச்சம்தான் கையில் இருக்கிறது.

இப்படி இறங்கப் பெரிய காரணம் வேண்டாம். அப்கிரேட் செய்தவர் ஸ்டாண்ட்பையின் ஃபிளாஷில் அதே இமேஜை (ரூட்டரின் மென்பொருள் கோப்பை) போடாமல் விட்டாலே போதும். ஜூனிப்பர் ரூட்டரில் வேறு கூத்து: இரண்டு பக்கமும் சேர்த்துப் பதியும் ‘கமிட் சிங்க்ரனைஸ்’ இல்லையென்றால், மாற்றிய கான்ஃபிக் (அமைப்பு) ஒரு ரூட்டிங் எஞ்சினிலேயே (அங்கே பிராசசர் கார்டுக்கு அதுதான் பெயர்) தங்கிவிடும்.

நம் பெட்டி ஒழுங்காக இருந்தாலும் பக்கத்து ரூட்டர் ஒத்துழைக்க வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட் வசதியை அந்தப் பக்கமும் இயக்கியிருக்காவிட்டால், பி.ஜி.பி. செஷன் (ரூட்டர்கள் வழித்தகவலைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு) விழுந்ததுமே அவர்கள் நம் ரூட்டுகளைத் தூக்கிவிடுவார்கள். இதை நம் ஸ்கிரீனைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட, மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்வது உறுதி. (மென்பொருள் பிழை என்றால் இரண்டு கார்டுமே விழலாம். 1996-ல் ஆரியான் 5 ராக்கெட்டில் ஒரே மென்பொருள் ஓடிய இரண்டு வழிகாட்டுக் கருவிகளும் ஒரே பிழையில் நின்றன, மாற்றுக் கருவிதான் முதலில்.)

அதனால் என் கட்சி இதுதான்: ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மெயின்டனன்ஸ் விண்டோ (பராமரிப்புக்கென ஒதுக்கிய நேரம்) வாங்கி, ஸ்டாண்ட்பை ஹாட் என்று உறுதிசெய்துகொண்டு, நாமே ஸ்விட்ச்ஓவர் அடிக்க வேண்டும். அப்புறம் உடனே பழைய கார்டுக்குத் திரும்ப வேண்டாம். அடுத்த ஆறு மாதம் இவர் சுமக்கட்டும்.

"ஓடுற பெட்டியை ஏன் நோண்டணும்?" என்பார்கள். ராத்திரி 2 மணிக்கு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது விழுந்தால் சமாளிக்கலாம். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு விழுந்தால்?

செய்வதற்கு முன் ஒன்று. இரண்டு கார்டுக்கும் தனித்தனி கன்சோல் போர்ட் (நேரடியாகக் கேபிள் மாட்டி கார்டை இயக்கும் வாசல்). பல இடங்களில் ஆக்டிவுக்கு மட்டுமே கேபிள் போகிறது. முதலில் அதை மாட்டுங்கள்.